கூகுள் டாக்ஸில் கட்டுரை எழுதப் பழக்குவது எப்படி? ஆசிரியர்களுக்கான முழு வழிகாட்டி

பள்ளியில் தமிழ் நடத்துகிறவர்கள், வார இறுதியில் பத்துப் பதினைந்து பிள்ளைகளைச் சேர்த்து எழுதப் பழக்குகிறவர்கள், நூலகத்தில் வாசகர் வட்டம் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த வழிகாட்டி. பிள்ளைகள் எழுதியதை வாட்ஸ்அப்பில் படமாகவோ வேர்டு கோப்பாகவோ வாங்கித் திருத்தி அனுப்பிப் பார்த்திருப்பீர்கள். 'கட்டுரை இறுதி', 'கட்டுரை இறுதி 2', 'புதிய இறுதி' என்று கோப்புகள் பெருகிப்போய், எதைத் திருத்தினோம், எது பாக்கி என்பதே தெரியாமல் போகும்.

கூகுள் டாக்ஸில் எல்லோரும் ஒரே ஆவணத்தைப் பார்ப்பதால் அந்தத் தொல்லை தீரும். ஆனால் வேலைகளை வரிசை மாற்றிச் செய்தால் புதுத் தொல்லை வரும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எடுத்தவுடனே இணைப்பை அனுப்பிவிடுகிறார்கள். அது நான்காவது வேலை.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கூகுள் கணக்கு வேண்டும். அம்மாவின் போன், அண்ணனின் போன் என்று யாருடைய கணக்கிலாவது உள்ளே வந்தால், எழுதியது யார் என்பது பின்னால் தெரியாது. 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாங்களாகக் கணக்குத் தொடங்க முடியாது. பெற்றோர் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி வழியாகத் தொடங்கித் தர வேண்டும். பெரிய பிள்ளைகளாக இருந்தாலும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

மின்னஞ்சல் முகவரிகளை வாயால் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு கூகுள் படிவம் அனுப்பி அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். ஒரு புள்ளி தவறினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஜிமெயில் புள்ளிகளைக் கண்டுகொள்ளாது. ஓர் எழுத்து தவறினால் ஆவணம் முகம் தெரியாத ஒருவருக்குப் போய்விடும்.

போனில் எழுதுகிறவர்கள் டாக்ஸ் செயலியை நிறுவிக்கொள்ளட்டும். சிக்னல் சரியில்லாத ஊராக இருந்தால், செயலியில் அந்த ஆவணத்தை 'ஆஃப்லைன்' ஆக்கிவைத்தால் இணையம் இல்லாதபோதும் எழுதலாம்; இணைப்பு வந்ததும் தானே சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று, இலவசக் கணக்கில் கிடைக்கும் 15 ஜிபி இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். போனிலுள்ள படமெல்லாம் தானாக ஏறி இடம் நிறைந்துவிட்டால் புது ஆவணம் திறக்காது. 'சார், எனக்கு மட்டும் வரமாட்டேங்குது' என்று ஒரு பிள்ளை சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

2. தட்டச்சைச் சரிசெய்துவிட்டு எழுத்துக்கு வாருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. தாண்டிப் போனால், கட்டுரையைப் பற்றிப் பேச வேண்டிய நேரமெல்லாம் எழுத்துருவைப் பற்றிப் பேசுவதிலேயே போகும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை டாக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். யுனிகோடில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். பழைய கோப்பு இருந்தால் சுரதா போன்ற எழுத்துருமாற்றியில் போட்டு மாற்றி எடுக்கலாம். மாற்றிய பின் ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகைகளில் தமிழ்99 என்பதைத் தேர்ந்தால் போதும். போனில் ஜிபோர்டு அல்லது செல்லினம். இதில் என் கருத்து ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையை எழுத்துப் பயிற்சிக்கு நான் விடுவதில்லை. 'பலம்' என்பதற்கான ஆங்கில எழுத்துகளை அடித்தால் பலம், பழம் என்று மேலே வரிசையாக வரும். பிள்ளை கண்ணில் பட்டதைத் தொடும். அங்கே ல, ள, ழ பிழை விட்டது பிள்ளையா, விசைப்பலகையா என்று உங்களால் சொல்ல முடியாது. தேர்வில் கையால் எழுதப்போகிற பிள்ளைக்கு ஒவ்வோர் எழுத்தையும் தானே தேடி அடிப்பதுதான் பழக்கம். தொடக்கத்தில் மெதுவாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

அடிக்கவே தயங்குகிற பிள்ளைக்குக் குரல் தட்டச்சு இருக்கிறது. கணினியில் குரோமில் 'டூல்ஸ்' பட்டியலில் 'வாய்ஸ் டைப்பிங்'. மொழியைத் தமிழாக்கிக்கொள்ள வேண்டும். முற்றுப்புள்ளி, காற்புள்ளி எதுவும் வராது, எல்லாம் ஒரே வாக்கியமாக ஓடும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். எங்கே நிறுத்த வேண்டும் என்று பிள்ளையே கண்டுபிடித்துப் புள்ளி வைப்பது நல்ல பயிற்சி.

நோட்டில் மட்டுமே எழுதுவேன் என்கிற பிள்ளையும் இருக்கும். பக்கத்தைப் படம் எடுத்து டிரைவில் ஏற்றி, கணினியில் வலது சொடுக்கிட்டு 'ஓப்பன் வித்' என்பதில் கூகுள் டாக்ஸைத் தேர்ந்தால் படத்திலுள்ள எழுத்து உரையாக மாறும். அச்சிட்ட தமிழுக்கு இது நன்றாக வரும். கையெழுத்துக்கு நம்ப முடியாது. துணைக்கால் 'ர' ஆகும், ஒற்றுப் புள்ளி காணாமல் போகும். முதல் வரைவை நோட்டிலும் இரண்டாவதை டாக்ஸிலும் எழுதச் சொல்வது இதைவிட எளிது.

3. கோப்புறை அடுக்கு: பெரியது உங்களுக்கு, சிறியது பிள்ளைக்கு

டிரைவில் வகுப்பின் பெயரில் ஒரு கோப்புறை தொடங்குங்கள். அதை யாருடனும் பகிராதீர்கள். அதற்குள்ளே பிள்ளைக்கு ஒன்றாகக் கோப்புறைகள் தொடங்கி, ஒவ்வொன்றையும் அந்தப் பிள்ளையின் முகவரியோடு மட்டும், 'எடிட்டர்' உரிமையில் பகிருங்கள்.

டிரைவில் உரிமை மேலிருந்து கீழே இறங்கும். சிறிய கோப்புறையில் யார் புது ஆவணம் தொடங்கினாலும் உங்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் அது தானாகவே தெரியும். ஒவ்வொரு முறையும் பகிர வேண்டியதில்லை. 'சார், அனுப்பிட்டேனே', 'எனக்கு வரலையேம்மா' என்ற பேச்சே எழாது.

இங்கே நடக்கிற பிழை, அவசரத்தில் பெரிய கோப்புறையைப் பகிர்ந்துவிடுவது. அப்படிச் செய்தால் ஒருவர் கட்டுரையை எல்லோரும் திறக்கலாம், உங்கள் குறிப்புகளையும் படிக்கலாம். எழுதத் தயங்குகிற பிள்ளை அதற்குப் பிறகு எழுதவே எழுதாது.

கூகுள் கிளாஸ்ரூம் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வேலை மிச்சம். ஆனால் பணியோடு ஆவணத்தை இணைக்கும்போது, 'ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்' என்ற பொருளில் இருக்கும் தேர்வை வெளியிடுவதற்கு முன்பே தொட வேண்டும். இயல்பாக இருப்பது 'மாணவர் பார்க்கலாம்' என்பதுதான். அதோடு விட்டால் பிள்ளைகள் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

4. மாதிரி ஆவணமும் இணைப்பும்

வெற்றுப் பக்கத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு மாதிரி ஆவணம் செய்துவையுங்கள். மேலே தலைப்பு, அதன் கீழே 'யாருக்காக எழுதுகிறேன்?' என்று ஒரு வரி, பிறகு எழுதும் இடம், கடைசியில் 'எந்த இடத்தில் எனக்குத் திருப்தி இல்லை?' என்று ஒரு வரி. கடைசி வரி முக்கியமானது. அங்கே பிள்ளை எழுதுவதைப் படித்துவிட்டு நீங்கள் குறிப்புப் போடத் தொடங்கினால் பாதி வேலை குறையும்.

எழுத்துருவையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். எழுத்துருப் பட்டியலில் 'மோர் ஃபான்ட்ஸ்' போய் எழுத்து வகையில் தமிழைத் தேர்ந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர் எல்லாம் வரும். ஒன்றை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். 'ஃபைல்' பட்டியலில் 'லாங்குவேஜ்' என்பதைத் தமிழாக்குங்கள். ஆங்கிலமாகவே இருந்தால் ஒழுங்காக எழுதிய சொல்லுக்கும் அடியில் சிவப்புக் கோடு விழலாம், பிள்ளை மிரண்டுபோகும்.

இப்போது இணைப்பு. மாதிரியின் பொது அணுகலை 'இணைப்பு உள்ள எவரும்' என்று மாற்றி, உரிமையை 'வியூவர்' அளவில் நிறுத்துங்கள். பிறகு முகவரிப் பட்டையில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் 'எடிட்' என்று தொடங்குவதை முழுக்க அழித்துவிட்டு, ஆங்கிலத்தில் சி, ஓ, பி, ஒய் என்ற நான்கு எழுத்துகளை அடித்து, அந்த இணைப்பை அனுப்புங்கள். திறக்கிறவருக்கு 'நகல் எடுக்கவா?' என்று கேட்கும் பொத்தான் மட்டுமே வரும். நகல் அவரவர் டிரைவின் முகப்பில் போய் உட்காரும். அதைத் தங்கள் கோப்புறைக்கு நகர்த்தச் சொல்லுங்கள். நகர்த்தும்வரை உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

இப்படிச் செய்யாமல் 'எடிட்டர்' உரிமையோடு ஒரே இணைப்பைக் குழுவில் போட்டால், ஐந்து நிமிடத்தில் மாதிரியே காணாமல் போகும். ஒருவர் எழுத, இன்னொருவர் அழிக்க, கணக்கில் நுழையாமல் வந்தவர்கள் எல்லாம் பெயரில்லாத ஏதேதோ விலங்குகளாக மேலே வரிசையில் நிற்பார்கள். அழித்தது எந்த விலங்கு என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

5. முதல் வரைவு முடியும்வரை கை வைக்காதீர்கள்

பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போது ஆவணத்தைத் திறந்தால் உங்கள் பெயரோடு ஒரு வண்ணக்கோடு அங்கே நகரும். அதைப் பார்த்ததும் பல பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிடும். உடனுக்குடன் திருத்தினால் இன்னும் மோசம், அடுத்த வாக்கியம் வரவே வராது. கெடு ஒன்று சொல்லுங்கள், அதுவரை அந்தக் கோப்புறைப் பக்கமே போகாதீர்கள்.

6. குறிப்புகள்: கேள்வியாக, குறைவாக, முதலில் பொருள்

மொத்த வேலையில் கனமான பகுதி இதுதான்.

டாக்ஸில் உங்களுக்கு இரண்டு கருவிகள். ஒன்று குறிப்பு: சொற்களைத் தேர்ந்துகொண்டு கன்ட்ரோல், ஆல்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓரத்தில் ஒரு பெட்டி வரும். இன்னொன்று பரிந்துரை முறை: வலது மேல் மூலையில் 'எடிட்டிங்' என்பதை 'சஜெஸ்டிங்' ஆக்கினால் நீங்கள் திருத்துவது வண்ணத்தில் தெரியும், பிள்ளை 'சரி' குறியைத் தொட்டால் ஏறிவிடும்.

புதியவர்கள் இரண்டாவதில்தான் பாய்வார்கள். கட்டுரை முழுதும் வண்ணமாகும், நாம் நிறைய உழைத்ததுபோல இருக்கும். பிள்ளை என்ன செய்கிறது? படிக்காமலே 'சரி, சரி' என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, சுத்தமான கட்டுரையைத் திருப்பித் தருகிறது. அடுத்த கட்டுரையில் அதே பிழைகள் வரிசை மாறாமல் வந்து நிற்கும். ஆகவே முதல் சுற்றில் பரிந்துரை முறையைத் தொடவே கூடாது. குறிப்புகள் மட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 'எங்கள் ஊர்ச் சந்தை' என்ற தலைப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இப்படித் தொடங்குகிறது:

"எங்கள் ஊர் சந்தை மிகவும் அழகாக இருக்கும். அங்கே நிறைய பொருட்கள் கிடைக்கும். மக்கள் கூட்டம் அலைமோதும்."

கண் உடனே 'ஊர்ச் சந்தை', 'நிறையப் பொருள்கள்' என்று ஒற்றுக்குப் போகும். போகட்டும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இந்த மூன்று வாக்கியங்களும் எந்த ஊர்ச் சந்தைக்கும் பொருந்தும் என்பதுதான் இங்கே உண்மையான கோளாறு. 'நிறைய பொருட்கள்' என்ற சொற்களைத் தேர்ந்துகொண்டு, "போன வாரம் நீ போனபோது வாசலில் முதலில் என்ன கண்ணில் பட்டது?" என்று ஒரு குறிப்பு. 'அலைமோதும்' மேல், "எந்த இடத்தில் நகர முடியாமல் நின்றாய்?" என்று இன்னொன்று. அவ்வளவுதான். இரண்டாம் வரைவு இந்த மாதிரி வரும்:

"வாசலிலேயே மண்சட்டிகளை அடுக்கியிருப்பார்கள். அம்மா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். கருவாட்டுக் கடைக்கும் வெற்றிலைக் கடைக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அங்கே ஒரு கூடைக்காரர் வந்துவிட்டால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்."

திருத்தியது யாரும் இல்லை. கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறது, அவ்வளவே. 'விவரமாக எழுதவும்' என்று கட்டளையாகப் போட்டிருந்தால் 'பலவிதமான காய்கறிகள், பழங்கள், பூக்கள்' என்று ஒரு பட்டியல்தான் வந்திருக்கும்.

ஒரு சுற்றுக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு குறிப்புகள். அதற்கு மேல் போனால் எது முக்கியம் என்று பிள்ளைக்குத் தெரியாது. எளிதானதைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடும். அதில் ஒன்று, நன்றாக வந்த இடத்தைச் சுட்டிக்காட்டி ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்வதாக இருக்கட்டும். 'அருமை' என்று மட்டும் எழுதினால் எதைத் திரும்பச் செய்வது என்று அதற்குப் புரியாது.

குறிப்புப் போட்டதும் மின்னஞ்சல் போகும். பிள்ளைகள் யார் மின்னஞ்சல் பார்க்கிறார்கள்? வாட்ஸ்அப்பில் 'குறிப்பு போட்டிருக்கிறேன், பார்' என்று ஒரு வரி தட்டிவிடுங்கள். குறிப்புக்குப் பதில் எழுதிய பிறகுதான் அதை முடித்துவைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மூலையில் இருக்கும் குறியைத் தொட்டதும் குறிப்பு மறைந்துவிடும் என்பது அவர்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். மறைந்தவையும் மேலே உள்ள குறிப்புப் பட்டியலில் கிடக்கும் என்பதையும் தெரியப்படுத்திவிடுங்கள்.

7. ஒற்றும் எழுத்துப் பிழையும் கடைசிச் சுற்றில்

பொருள் நின்ற பிறகுதான் பிழை திருத்தம். முன்பே திருத்தினால், இரண்டாம் வரைவில் தூக்கிப்போடப்போகிற வாக்கியத்துக்கு ஒற்றுப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் பிள்ளையே கருவியில் போட்டுப் பார்க்கட்டும். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைகளைக் காட்டும். அவருடைய நாவி சந்திப்பிழைகளுக்கு. இரண்டும் இணையத்தில் இலவசம். சொல்லுக்குப் பொருள் பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி உட்படப் பல அகராதிகள் உள்ளன. கருவி சொன்னதையெல்லாம் ஏற்க வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டுப் பழக வேண்டும். ஊர்ப்பெயர், பேச்சு வழக்கு இவற்றையெல்லாம் எந்தக் கருவியும் பிழை என்றே காட்டும்.

பிறகு நீங்கள் பரிந்துரை முறையில் ஒரே ஒரு பத்தியை மட்டும் திருத்துங்கள். 'படித்து பார்த்தேன்' என்பதைப் 'படித்துப் பார்த்தேன்' ஆக்குங்கள். 'சுவற்றில்' என்பதைச் 'சுவரில்' ஆக்குங்கள். மீதிப் பத்திகளில் அதே வகைப் பிழைகளைப் பிள்ளையே தேடட்டும். 'இந்தப் பத்தியில் ஒற்று விடுபட்ட இடம் மூன்று' என்று எண்ணிக்கை மட்டும் குறிப்பில் போட்டால் புதிர் விடுவிப்பதுபோலத் தேடுவார்கள்.

8. மாற்ற வரலாற்றைப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள்

'ஃபைல்' பட்டியலில் 'வெர்ஷன் ஹிஸ்டரி'. எப்போது யார் எதைச் சேர்த்தார்கள், எதை அழித்தார்கள் என்பது நேரத்தோடும் வண்ணத்தோடும் இருக்கும். இதைக் கணினியில் பார்ப்பதே வசதி. ஒவ்வொரு வரைவு முடிந்ததும் 'முதல் வரைவு', 'இரண்டாம் வரைவு' என்று பெயரிட்டுவிடுங்கள், தேட வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் பலர் இதைக் கண்காணிப்புக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள். கட்டுரை முழுதும் ஒரே நொடியில் வந்து இறங்கியிருந்தால் எங்கிருந்தோ ஒட்டியது என்று தெரியும், உண்மைதான். ஆனால் வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி எழுதிவைத்து ஒட்டுகிற பிள்ளையும் உண்டு. எனவே விசாரணையாகத் தொடங்காதீர்கள். 'இந்த இரண்டாவது பத்தி எப்படி வந்தது, சொல்லு' என்று கேட்டாலே போதும். தான் எழுதியதாக இருந்தால் நிறுத்தாமல் பேசும்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் கருவிகளை நம்பி யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது.

வரலாற்றின் உண்மையான பயன் வேறு. முதல் வரைவையும் மூன்றாவதையும் அடுத்தடுத்துத் திறந்து, 'இந்த வரியை ஏன் எடுத்தாய்?' என்று கேளுங்கள். அழித்ததற்குக் காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை அடுத்த கட்டுரையை வேறு மாதிரித் தொடங்கும்.

9. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பது

இரண்டு கட்டுரைகள் முடித்த பிறகு மட்டும் இதைத் தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு துணை. அந்த ஒரு ஆவணத்தை மட்டும் துணைக்கு 'கமென்டர்' உரிமையில் பகிர வேண்டும். 'எடிட்டர்' கொடுத்தால் அன்பு மிகுதியில் நண்பனே எழுதிக்கொடுத்துவிடுவான். சூப்பர், செம, கைதட்டல் படம் மூன்றுக்கும் தடை போடுங்கள். ஒவ்வொரு குறிப்பும் கேள்விக்குறியில் முடிய வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் பெரும்பாலும் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது.

10. முடிந்தவற்றை எடுத்துவைப்பது

முடிந்த கட்டுரைகளை ஒரே ஆவணத்தில் சேர்த்து, தலைப்புகளுக்கு 'ஹெடிங்' பாணி கொடுத்து, 'இன்சர்ட்' பட்டியலில் 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்' என்பதைத் தொட்டால் உள்ளடக்கப் பட்டியல் தானே உருவாகும். 'டவுன்லோடு' பகுதியில் பிடிஎஃப் ஆகவும் மின்னூல் வடிவமான இபப் ஆகவும் இறக்கலாம். வெளியே பகிர்வதாக இருந்தால் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்குங்கள். பிள்ளையின் முழுப்பெயர், பள்ளி, படம் மூன்றையும் சேர்த்துப் போட வேண்டாம்.

மாதிரிக்குக் கொடுத்த பொது இணைப்பை வகுப்பு முடிந்ததும் மூடிவிடுங்கள். பள்ளி கொடுத்த கணக்கில் எழுதியவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. படிப்பு முடிந்து போகும்போது அந்தக் கணக்கைப் பள்ளி நீக்கினால் உள்ளே இருப்பதும் போய்விடும். கடைசி வாரத்தில் கோப்புறையை வலது சொடுக்கிட்டு 'டவுன்லோடு' கொடுத்தால் எல்லாம் வேர்டு கோப்புகளாகச் சுருங்கி ஒரே ஜிப்பில் வந்துவிடும். மாற்ற வரலாறும் ஓரக் குறிப்புப் பேச்சும் அதில் முழுதாக வராது. ஆகவே அவற்றைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தால் அதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.